கண்புரைச் சிகிச்சையில் தேக்கம்: காத்திருப்போரை எண்ணுவது யார்?

வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி அமைந்துள்ளது. 1967ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சிறு உயிரியல் பூங்காவையும், மழைக்காலத்தில் பெருகும் அருவியையும் காண விடுமுறை நாட்களில் அங்கே மக்கள் திரள்வர். மானையும் மயிலையும் கண்டு களித்து மாலையில் திரும்பிவிடுவர். அவ்விடத்திற்கு மேலே, காட்டையும் கரட்டையும் கடந்து, சாமையும் கேழ்வரகும் பயிரிட்டு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் உள்ளன என்பதை அவர்களுள் அறிந்தோர் சிலரே.

அத்தகைய சிற்றூர் ஒன்றுக்கு வீடு கட்டும் திட்டப் பணியைப் பார்வையிட நாம் சென்றிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் பெரியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நாம் பேசிய பிறகே எம் பக்கம் திரும்பினார். இரு கண்களின் பாவையும் வெளுத்திருந்தது. அருகில் பத்து வயதிருக்கும் அவருடைய பேத்தி கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று பள்ளி நாள். "பள்ளிக்கூடம் இல்லையா, அம்மா?" என்று வினவினோம். "தாத்தாவைக் காட்டுப்பக்கம் கூட்டிப் போகணுங்க" என்றாள்.

"கண்ணை டாக்டரிடம் காட்டவில்லையா, பெரியவரே?" என்றதற்கு அவர் சிரித்தார். "மூணு தடவை போயாச்சுங்க, ஐயா. போனா இன்னொரு நாள் வாங்கறாங்க. இப்ப என் பேரு எந்தப் புத்தகத்திலே இருக்குதுன்னே தெரியலீங்க."

அலுவலகம் திரும்பியதும் அந்த மாதத்து ஆய்வுக் கூட்டத்திற்கென வழங்கப்பெற்ற அறிக்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். கண்புரை அறுவைச் சிகிச்சையில் இலக்குக்கு மேற்பட்ட சாதனை என்று அதில் கண்டிருந்தது. அறிக்கையில் பொய் ஏதும் இல்லை. பெரியவர் கூறியதிலும் பொய் இல்லை. இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும் என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்வது அவசியம் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தேக்கம் என்பது யாது?

ஏரியைக் கொண்டு இதனை விளக்கலாம். வரத்துக் கால்வாயின் வழியே நீர் வருகிறது. மதகின் வழியே வெளியேறுகிறது. வரத்து மிகுந்து மதகு சிறுத்திருப்பின் நீர் தேங்குகிறது. ஏரியில் நீர் தேங்குவது பயிருக்கு நன்மை. ஆஸ்பத்திரி வாயிலில் நோயாளர் தேங்குவது எவருக்கும் நன்மையன்று. டாக்டர்களும், செவிலியரும், அறுவை அரங்கும், படுக்கைகளும் சேர்ந்ததே இங்கு மதகு. நாள்தோறும் புதிதாக நோயுறுவோர் வரத்து. சிகிச்சை வேண்டியும் இன்னும் பெறாதவர்களின் தொகையே தேக்கம்.

மதகின் வழியே எவ்வளவு நீர் போயிற்று என்பதை மட்டும் அளந்துவிட்டு, ஏரியில் எவ்வளவு நிற்கிறது என்று பாராத நீர்ப்பாய்ச்சியை நாம் ஊரில் வைத்துக்கொள்ள மாட்டோம். ஆயினும் சிகிச்சைத் துறையில் நெடுங்காலமாக இவ்வாறே கணக்கு வைத்து வந்துள்ளோம். ஆண்டுக்கு இத்தனை அறுவைகள் என்பது மதகின் கணக்கு. ஊரில் இன்னும் எத்தனை பேர் பார்வையின்றி இருக்கின்றனர் என்பதே ஏரியின் கணக்கு.

கண்புரையை இங்கே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இது முதுமையில் பலருக்கும் வருவது. உழவர் குடும்பங்களைப் பெரிதும் பாதிப்பது. கண்ணின் உள்ளே பளிங்குபோல் தெளிவாக இருக்கும் வில்லை நாளடைவில் மங்கி வெளுப்பதே புரை. வயது முதற்காரணம், நீரிழிவு, புகையிலை, கடும் வெயிலில் நெடுநாள் உழைத்தல் ஆகியவை அதனை விரைவுபடுத்துகின்றன. மருந்தினால் இது கரையாது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துவது ஒன்றே வழி. தேர்ந்த கைகளில் இவ்வறுவை சில நிமிடங்களில் முடிவது. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். இவ்வளவு எளிதான சிகிச்சைக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் உள்ளனர் என்றால், அக்குறை மருத்துவ நூலில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

"புரை முற்றட்டும், பிறகு பார்க்கலாம்" என்று ஊரில் கூறுவதுண்டு. முன்னாளில் இருந்த அறுவை முறைக்கு அது பொருந்தியது. இன்று பொருந்தாது. அன்றாட வேலைக்குப் பார்வை போதவில்லை என்ற நிலை வந்தவுடனேயே அறுவை செய்துகொள்ளலாம். மிகவும் முற்றிய புரை கண்ணுள் அழுத்தத்தை உயர்த்தி, பார்வை நரம்பைக் கெடுத்துவிடுவதும் உண்டு. அதன் பின்னர் எந்த வில்லையைப் பொருத்தியும் பயனில்லை. ஆகவே காத்திருத்தல் வெறும் காலதாமதம் மட்டுமன்று. சிலருக்கு அது மீளாத இழப்பாக முடிகிறது.

அரசாங்கம் இதுவரை செய்தது

1976ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டில் மதுரையில், அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சிறு அளவில் நிறுவினார். பணமுள்ளோர் தரும் கட்டணத்தைக் கொண்டு இல்லாதவர்க்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் முறை அங்கே வளர்ந்து, உலகோர் வந்து பார்த்துச் செல்லும் நிலையை அடைந்தது.

1994 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில் கண்புரைத் தேக்கத்தைக் குறைக்கும் தனித் திட்டம் ஒன்று நடைபெற்றது. சுமார் 110 லட்சம் அறுவைகள் என்று இலக்கு வைத்து, 150 லட்சத்திற்கு மேல் செய்து முடித்தனர். அத்திட்டத்தின் தொடக்கத்தில் வில்லை பொருத்தப்பெற்றோர் மிகச் சிலரே; ஏனையோர்க்குத் தடித்த கண்ணாடிதான். அக்கண்ணாடி உடைந்தால் மீண்டும் குருடு. 1992இல் மதுரையில் ஆரோலேப் நிறுவனம் வில்லைகளைக் குறைந்த செலவில் செய்யத் தொடங்கிய பின், 100 டாலருக்கு மேல் விலை வைத்திருந்த வில்லை 10 டாலர் அளவிற்கு இறங்கியது. ஏழைக்கும் வில்லை கிடைத்ததற்கு இது பெருங்காரணம். மதகை அகலப்படுத்துதல் என்பது டாக்டர்களைக் கூட்டுவது மட்டுமன்று என்பதற்கு இதனைக் காட்டாகக் கொள்ளலாம்.

2020இல் கொரோனாத் தொற்றின்போது அவசரமற்ற அறுவைகள் நாடெங்கும் நிறுத்தப்பட்டன. கண்புரை அவசர நோயாகக் கருதப்படாததால் முதலில் ஒத்திவைக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. வரத்து நிற்கவில்லை, மதகு மட்டும் அடைபட்டது. இவ்வாறு பெருகிய தேக்கத்தைத் தீர்க்க 2022 ஜூன் மாதத்தில் மத்திய அரசாங்கம் தனி இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் 270 லட்சம் அறுவைகள் அதன் இலக்கு. முதலாண்டாகிய 2022-23இல் 75 லட்சம் என்று வைத்த இலக்கைக் கடந்து 83 லட்சத்திற்கு மேல் செய்யப்பட்டன.

இவை யாவும் போற்றத்தக்க செயல்களே. 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் பார்வையிழந்தோர் மொத்த மக்கள்தொகையில் 100க்கு 0.36 என்று கண்டனர். முன்னாள் கணக்குகளை நோக்க இது பெரும் இறக்கம். ஆனால் அதே கணக்கெடுப்பில், 50 வயதைக் கடந்தோரில் 100க்கு ஏறத்தாழ 2 பேர் பார்வையற்றோர் என்றும், அவர்களுள் மூவரில் இருவர் கண்புரையினாலேயே பார்வை இழந்தனர் என்றும் தெரியவந்தது. ஓர் ஊராட்சியில் 50 வயதைக் கடந்தோர் 600 பேர் எனக் கொள்வோம். நாட்டுச் சராசரிப்படி 12 பேர் பார்வையற்றோர். அவர்களுள் 8 பேர் சில நிமிட அறுவையால் மீண்டும் காணக்கூடியவர்கள். மலைப்பகுதியிலும் இதே விகிதம் என்று நாம் கூறவில்லை. ஒவ்வோர் ஊராட்சி உறுப்பினரும் தம் வார்டில் அந்த எண்மரில் எவர் இருக்கின்றார் எனத் தம்மைத் தாமே வினவிப் பார்க்கலாம்.

ஆய்வுக் கூட்டத்தில் காண்பதும் காணாததும்

மாதந்தோறும் கீழிருந்து மேலே அறிக்கை செல்கிறது. கண் மருத்துவ உதவியாளர், வட்டார மருத்துவ அலுவலர், மாவட்ட அலுவலர், ஆட்சியர், மாநிலத் தலைமையகம் என்று அது ஏறுகிறது. அதில் இலக்கு, சாதனை, விழுக்காடு என்ற கட்டங்கள் இருக்கும். விழுக்காடு குறைந்த வட்டாரம் எழுந்து நின்று விளக்கம் கூற வேண்டும், நாமும் நின்றதுண்டு. விழுக்காடு 100ஐத் தாண்டிவிட்டால் அடுத்த பொருளுக்குப் போய்விடுவர்.

அந்த எண் எவ்வாறு சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். அரசாங்க மருத்துவமனை, தொண்டு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை ஆகிய மூன்றிலும் நடந்த அறுவைகள் கூட்டப்படுகின்றன. ஒருவருக்கு இரு கண்களிலும் செய்தால் அது இரண்டு அறுவை. நகரத்தில் இருந்துகொண்டு, ஓரளவு பார்வை இருக்கும்போதே தம் செலவில் செய்துகொண்டவரும் ஒன்று. இரு கண்ணும் தெரியாமல் மலையிலிருந்து வந்தவரும் ஒன்று. எண்ணுக்கு இவ்வேறுபாடு தெரியாது. இலக்கை எட்ட வேண்டிய அலுவலர் பேருந்து நிற்கும் ஊரில் முகாம் வைப்பாரா, பேருந்து போகாத ஊருக்கு நடப்பாரா? அவரைக் குறை கூறுவதற்கில்லை. நாம் கேட்கும் கேள்வி அவரை அவ்வழியில் செலுத்துகிறது. இலக்கு நிறைவேற நிறைவேற, எஞ்சி நிற்போர் எவர் எனில், தொலைவில் உள்ளோர், துணையற்றோர், மூன்று முறை திரும்பி வந்தோர். தேக்கத்தின் அடியில் தங்கும் வண்டல் இவர்களே.

பிற நாடுகளில் இதனை எவ்வாறு நோக்குகின்றனர்? பிரிட்டனில் 1948 முதல் தேசிய சுகாதாரப் பணி யாவர்க்கும் இலவசமாகச் சிகிச்சை அளித்து வருகிறது. அங்கு மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட நாளிலிருந்தே ஒருவரின் காத்திருப்பு எண்ணப்படுகிறது. 100க்கு 92 பேர் 18 வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கப்பெற வேண்டும் என்பது இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட விதி. 2016இலிருந்து பல்லாண்டுகளாக அவ்விதி நிறைவேறவில்லை. 2023 செப்டம்பரில் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தை எட்டியது. தேக்கத்தைக் குறைக்க வகுத்த மூன்றாண்டுத் திட்டத்தைக் காமன்ஸ் சபையின் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்து, அது மிகை நம்பிக்கையில் எழுந்தது, தொடக்கத்திலேயே பின்தங்குகிறது என 2023 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. செல்வம் மிகுந்த நாட்டிலும் தேக்கம் உண்டு என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். நாம் அறியவேண்டியது வேறு. அங்கே 77 லட்சம் என்ற எண்ணைச் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு மாதமும் அது ஏறியதும் இறங்கியதும் யாவர்க்கும் தெரிந்தது. ஆகவே சபையினர் அமைச்சகத்தாரை அழைத்துக் கேள்வி கேட்க இயன்றது. காத்திருப்போர் பட்டியல் இல்லாத இடத்தில் கேள்வி கேட்பதற்கே பிடி கிடையாது.

அந்நாட்டினிடம் மற்றொரு பாடமும் உண்டு. பட்டியலைக் குறைக்க இரு வழிகள் இருக்கின்றன. சிகிச்சை அளித்துப் பெயரை அடிப்பது ஒன்று; சிகிச்சை அளியாமலேயே பெயரை அடிப்பது மற்றொன்று. ஊரை விட்டுப் போனவர், இறந்தவர், இருமுறை எழுதப்பட்டவர் ஆகியோரை நீக்குவது முறையே. "வரச்சொன்னோம், வரவில்லை" என்று நீக்குவதில்தான் எச்சரிக்கை வேண்டும்.

நம் மாநிலத்திலேயே வரிசைப் பட்டியல் நன்கு நடைபெறும் துறை ஒன்று உண்டு. 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை அளிக்கும் திட்டத்தில், சிறுநீரகத்திற்கும் கல்லீரலுக்கும் காத்திருப்போர் பெயர் பதிந்து, வரிசைமுறைப்படி உறுப்பு ஒதுக்கப்படுகிறது. அரிதான உறுப்புக்குப் பட்டியல் வைக்க நம்மால் இயன்றதெனில், எளிதான கண்புரைக்கு இயலாது என்று கூறுவது பொருந்தாது.

மூன்று முறை திரும்பிய கதை

மேற்கூறிய பெரியவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் பிறகு விரிவாகக் கேட்டறிந்தோம். முதல் முறை அடிவாரத்தில் நடந்த முகாமுக்கு மகன் அழைத்துச் சென்றிருக்கிறார். புரை என்று உறுதி செய்து, வண்டியில் ஏற்றிச் சமவெளியில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோயினர். அங்கே இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. சர்க்கரை மிகுந்தவருக்கு அறுவை செய்தால் கிருமி தொற்றும் ஆபத்து அதிகம்; டாக்டர் ஒத்திவைத்தது சரியே. "சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பினர். தமக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதையே அன்றுதான் அறிந்தார். எங்கே குறைப்பது, யாரிடம் மாத்திரை வாங்குவது என்பதை எவரும் அவருக்குச் சொல்லியதாக நினைவில்லை என்றார்.

இரண்டாம் முறை நாள் குறித்துக் கொடுத்தனர். முன்னாள் இரவு பெய்த மழையில் ஓடையில் வெள்ளம், இறங்க முடியவில்லை. மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தார். உடனிருக்க ஓர் ஆள் வேண்டும் என்றனர். மகன் சாமை அறுவடையை விட்டு ஒரு நாளுக்கு மேல் தங்க முடியாமல் அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அதற்குப் பின் எவரும் அவரைத் தேடி வரவில்லை, அவரும் போகவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் "வரவில்லை" என்றும், முகாம்ப் பதிவேட்டில் "அனுப்பப்பட்டார்" என்றும் இருந்திருக்கும். எம் வட்டார அலுவலகத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தன. இடையில் பேத்தி பள்ளிக்குப் போவது குறைந்தது. இந்தக் கணக்கு சுகாதாரத் துறையின் அறிக்கையிலும் வராது; கல்வித் துறையின் அறிக்கையிலும் வேறு காரணமாகவே எழுதப்படும்.

இம்மூன்று தடங்கலில் எதுவும் டாக்டர் பற்றாக்குறையால் நேர்ந்ததன்று என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். வேலூர்-திருவண்ணாமலைச் சாலையில் அடுக்கம்பாறையில் 2005 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வேலூரில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினரின் கண் மருத்துவமனை உள்ளது. அதன் தொடக்கம் 1902இல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. தமிழ்நாட்டில் கண் மருத்துவத்தில் இவ்வளவு வசதி அருகிலிருக்கும் மாவட்டங்கள் பல இல்லை. மதகு அகலமாகவே இருக்கிறது. நீர் மதகுக்கு வந்து சேரவில்லை.

சாலையின்மை இதில் ஒரு பெருங்காரணம். 2023 மே மாதத்தில் இதே வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்த குழந்தை சாலை வசதியின்மையால் உரிய நேரத்தில் மருத்துவமனையை அடையாமல் இறந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அத்தகைய துயரம் ஒரே நாளில் எல்லோர் கண்ணிலும் படுகிறது. கண்புரையால் நேரும் தாமதம் ஓசையின்றி நடப்பதால் செய்தியாவதில்லை.

விரைவும் தரமும்

தேக்கத்தைத் தீர்க்கும் ஆர்வத்தில் எண்ணிக்கையின் பின் ஓடுவதிலும் ஆபத்து உண்டு. 2008ஆம் ஆண்டில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில் நடந்த முகாம் ஒன்றின் வழியே கண்புரை அறுவை செய்துகொண்டோரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கிருமித்தொற்றினால் பார்வை இழந்தனர். அறிக்கையில் அவை யாவும் அறுவைகளே. ஆகவே "எத்தனை பேருக்குச் செய்தீர்கள்?" என்பதோடு "செய்துகொண்டவர்க்குப் பார்வை வந்ததா?" என்பதும் கேட்கப்பட வேண்டும். 2021இல் உலக சுகாதார மாநாடும் இவ்வழியே வந்தது. அறுவை தேவைப்பட்டோரில் எத்தனை விழுக்காட்டினர் அதனைப் பெற்று நல்ல பார்வையும் அடைந்தனர் என்பதையே அளவுகோலாகக் கொண்டு, 2030க்குள் அவ்வளவை 30 புள்ளிகள் உயர்த்த நாடுகள் இசைந்தன.

ஊரில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முகாமில் பரிசோதனை மட்டுமே நடக்க வேண்டும். அறுவை முறையான மருத்துவமனை அரங்கில்தான். பள்ளிக் கட்டடத்திலோ மண்டபத்திலோ அறுவை செய்ய எவரேனும் முன்வந்தால், எவ்வளவு நல்ல உள்ளத்தோடு வந்தாலும், ஊராட்சி இடம் தரலாகாது.

ஊராட்சி செய்யக்கூடியது

"ஆஸ்பத்திரி விஷயத்தில் ஊராட்சிக்கு என்ன அதிகாரம்?" என்று உறுப்பினர் சிலர் நம்மைக் கேட்டதுண்டு. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பெற்ற பதினோராம் அட்டவணையில், ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களுள் 23ஆவது, மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் உள்ளிட்ட சுகாதாரம். டாக்டருக்கு ஆணையிடும் அதிகாரம் இதனால் வந்துவிடாது. ஆனால் கேள்வி கேட்கவும், கணக்கு வைக்கவும் தடை ஏதும் இல்லை. தணிக்கைத் தலைவரும் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் மாநில அளவில் கேட்பதை, ஊரளவில் கிராமசபை கேட்கலாம்.

முதலில் வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகம். வார்டு உறுப்பினரும், கிராம சுகாதாரச் செவிலியரும், சுய உதவிக் குழுப் பெண்களும் வீடு வீடாகச் சென்று 50 வயதைக் கடந்தோரைப் பார்க்க வேண்டும். கருவி எதுவும் வேண்டுவதில்லை. பகல் வெளிச்சத்தில் 3 மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடச் செய்து, விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லலாம்; பிறகு மறு கண்ணுக்கு. எந்தக் கண்ணில் எண்ண இயலவில்லையோ அதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது புரைதானா, வேறு நோயா என்பதைக் கண் மருத்துவ உதவியாளர் முடிவு செய்வார். இரு கண்ணிலும் எண்ண இயலாதவர் பெயர் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். எவருடைய உறவினர் என்பதைக் கொண்டு வரிசை மாறலாகாது. (இதனை எழுதும்போதே சிலர் முகம் நம் நினைவுக்கு வருகிறது.)

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, முதலில் கண்டறிந்த தேதி, அனுப்பிய தேதி, திரும்பி வந்திருந்தால் அதற்குக் காரணம், அக்காரணத்தை நீக்க ஏற்றுக்கொண்டவர் யார் என்பவற்றை எழுத வேண்டும். கடைசிக் கட்டமே முக்கியமானது. சர்க்கரை மிகுதி என்று திரும்பி வந்தால், அவருக்கு மாத்திரை கிடைக்கச் செய்வது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பொறுப்பு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசாங்கம் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டிற்கே மருந்து கொண்டுசெல்வதற்காக ஏற்பட்டது. கண்புரைப் பட்டியலையும் அம்மருந்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதித் தடங்கல் நீங்கும். துணைக்கு ஆள் இல்லை என்பது காரணமானால், ஒரே ஊரினர் ஐந்தாறு பேரைச் சேர்த்து அனுப்பி, இருவர் துணை போதும் என்று மருத்துவமனையிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். அறுவடைக் காலத்தில் நாள் கொடுத்தால் மலைமக்கள் வரமாட்டார்கள் என்பது சாமைக் காட்டை ஒருமுறை பார்த்தவருக்கும் தெரியும். நாள் குறிக்கும் இடத்தில் இருப்பவருக்கு அதனை எழுதித் தெரிவிக்க வேண்டியவர்கள் நாமே.

பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்க மூன்று காரணங்களே செல்லும்: அறுவை முடிந்து, பிறகு அதே விரல்களை எண்ணிக் காட்டினார், புரையன்று என்று டாக்டர் கூறி வேறு வழி சொன்னார், காலமானார். வரவில்லை என்பதும் மறுத்தார் என்பதும் பெயரை அடிக்கக் காரணமாகா. பயத்தினால் மறுப்போர் பலர். அடுத்த தெருவில் அறுவை செய்துகொண்டு ஊசியில் நூல் கோக்கும் பாட்டி ஒருவரை அழைத்துச் சென்று அவரிடம் பேசச் செய்வதைவிட நல்ல பிரசாரம் நாம் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் கிராமசபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒவ்வொரு கூட்டத்திலும் நான்கு எண்களைப் படித்தால் போதும். சென்ற கூட்டத்தில் காத்திருந்தோர் எத்தனை பேர்; புதிதாகச் சேர்ந்தோர் எத்தனை பேர்; பார்வை பெற்றோர் எத்தனை பேர்; ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருப்போர் எத்தனை பேர். பெயர்களைச் சபையில் படிக்க வேண்டா. ஒருவரது நோய் அவர் வீட்டுச் செய்தி. எண்களைத் தீர்மானத்தில் எழுதி வட்டார மருத்துவ அலுவலருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்புங்கள். நான்காம் எண் கூடிக்கொண்டே போனால், எம்மைப் போன்றவர்கள் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் கூற வேண்டியிருக்கும். சாதனை விழுக்காடு 100ஐத் தாண்டியிருந்தாலும் கூற வேண்டியிருக்கும்.

இதில் ஒரு சங்கடம் வரும் என்பதையும் மறைப்பதற்கில்லை. பட்டியல் எழுதத் தொடங்கிய முதல் ஆண்டில் எண் குறையாது, ஏறும். இதுவரை திண்ணையில் இருந்தவர்கள் தாளுக்கு வருவதால் நேரும் ஏற்றம் அது. அதனைக் கண்டு ஊராட்சித் தலைவரோ, எம்மைப் போன்ற அலுவலரோ மிரண்டு புத்தகத்தை மூடிவிடலாகாது.

மேற்சொன்ன பெரியவரின் பெயர் இப்போது அவ்வூராட்சியின் புத்தகத்தில் உள்ளது. நான்கு மாதம் மாத்திரை உட்கொண்டு சர்க்கரை இறங்கிய பின், வலக் கண்ணில் அறுவை நடந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டவள் பேத்திதான். அதற்காக மேலும் சில வாரங்கள் அவள் பள்ளிக்குச் செல்லவில்லை என்று தலைமையாசிரியர் நம்மிடம் வருத்தத்துடன் தெரிவித்தார். இப்போது போகிறாள். இடக் கண் முற்றிவிட்டது. நரம்பு எவ்வளவு பிழைத்திருக்கிறது என்பதை அறுவைக்குப் பின்னரே திட்டமாகக் கூற இயலும் என்கின்றனர் டாக்டர்கள். சாமை அறுவடை முடிந்த வாரத்தில் அதற்கு நாள் கேட்டு எழுதியிருக்கிறோம். துணைக்குச் செல்பவர் பெயர் கட்டத்தில் எழுதப்பட்டுள்ளது.